மூடியைத் திறந்தவள்

"கோட்டைத் தாண்டி வராதீங்க!"

சாம்பிராணிக் கரண்டியோடு வந்தவன் சட்டென்று நின்றான். பின்னால் வந்த கூட்டம் அவன் முதுகில் மோதி நின்றது.

பரவையைத் தாண்டி, திண்டுக்கல் ரோட்டை ஒட்டி இருந்த அந்த நூற்பாலையில் அன்று ஆயுத பூஜை. ஸ்பின்னிங் மிஷின், லேத்து, லாரி, கேன்டீன் கிரைண்டர் என்று சகலமும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு லட்சணமாக இருந்தன. வாட்ச்மேனின் டார்ச் லைட்டுக்குக்கூடப் பொட்டு. பாக்கி கம்ப்யூட்டர் அறை ஒன்றுதான்.

அந்த அறைக்குக் கெடுபிடி அதிகம். எண்பத்தைந்தாம் வருஷத்தில் மதுரை வட்டாரத்தில் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு. செருப்பை வெளியே விட வேண்டும், டீ கிளாஸ் கூடாது, உள்ளே நின்று தலை சீவக் கூடாது. வாசலில் சிவப்பு பெயின்டில் ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் சூடாமணியின் ராஜ்யம்.

சூடாமணிக்கு இருபத்து நாலு வயது. பழங்காநத்தத்தில் வீடு. அப்பா துளசிராம் சேலை வியாபாரி. வீட்டில் சௌராஷ்டிரப் பேச்சு, வெளியே தமிழ், கம்ப்யூட்டரோடு மட்டும் இங்கிலீஷ். மூன்றிலும் அவளுக்குச் சரளமாக வருகிற வார்த்தை 'முடியாது' என்பதுதான். மில்லில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

"புகை உள்ள வரக்கூடாது. வெளிய நின்னே கும்பிட்டுக்குங்க" என்றாள்.

"அம்புட்டு மிஷினுக்கும் காட்டியாச்சு. இது ஒண்ணு மட்டும் என்னங்க பாவம் பண்ணுச்சு?"

அந்தக் குரல்...

சூடாமணி நிமிர்ந்து பார்த்தாள். ஆடி மாதத்திலிருந்து தினமும் இன்டர்காமில் கேட்கிற குரல். கரண்ட் போகும். அடுத்த மூச்சில் போன் அடிக்கும். "மேடம், லைன் போயிருச்சு. ஜெனரேட்டர் எடுத்துட்டேன். நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடும். ஷெட் பக்கம் அவள் போனதில்லை. வெற்றிலை போடுகிற, வழுக்கை விழுந்த ஒரு பெரியவராகத்தான் அந்தக் குரலை அவள் நினைத்து வைத்திருந்தாள்.

"நீங்க... ஜெனரேட்டரா?"

"ஜெனரேட்டர் ஷெட்ல இருக்குங்க. நான் வெள்ளைத்துரை."

கூட்டம் சிரித்தது. அவனும் சிரித்தான். புகையில் சிவந்து, நீர் கோத்த கண்கள்... கண்ணீரோடு சிரிக்கிற ஒருத்தனிடம் எப்படி 'முடியாது' என்று சொல்வது? கால்கள் அவளைக் கேட்காமலே பின்னால் நகர்ந்து வழி விட்டன.

அவன் பயபக்தியோடு சுற்றி வந்து காட்டினான். மூலையில் இருந்த டிஸ்க் டிரைவ் முன்னால் வந்ததும் நின்றுவிட்டான். இடுப்பு உயரத்துக்கு ஒரு பெட்டி, மேலே மூடி.

"இதை லேசாத் திறக்கலாமா மேடம்? ஜெனரேட்டருக்கும் உள்ளுக்குத் திறந்துதான் காட்டுவோம். எங்க பழக்கம் அப்படி."

திறக்கக் கூடாது. பயிற்சியில் முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடமே அதுதான். மில்லின் கணக்கு முழுக்க உள்ளே ஒரு தட்டில் பதிந்திருக்கிறது. தட்டு சுற்றும்போது அதன் மேல் தலைமுடி கனம்கூட இல்லாத இடைவெளியில் ஒரு முனை பறந்து பறந்து படிக்கும். அந்த இடைவெளியில் ஒரு புகைத்தூள் சிக்கினாலும் அது பாறாங்கல்தான்.

'இன்னைக்கு மிஷின் ஓடலையே...' என்று மனசு ஒரு சாக்குச் சொன்னது.

திறந்தாள். அவளேதான் திறந்தாள்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து சுவிட்சைப் போட்டார்கள். கொஞ்ச நேரம் எல்லாம் சரியாகத்தான் ஓடியது. பிறகு பெட்டிக்குள்ளிருந்து தேங்காய் துருவுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. சூடாமணி ஓடிப்போய் நிறுத்துவதற்குள் தட்டில் வட்டமாகக் கோடு விழுந்துவிட்டது.

சம்பளக் கணக்கு, நூல் ஸ்டாக் எல்லாம் டேப்பில் நகல் இருந்தது. பலகைக்கு மட்டும் நகல் இல்லை.

பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மில்லில் அக்கவுண்ட்ஸ், ஸ்டோர்ஸ், லேப், நூல் விற்பனை என்று நாலு இடத்தில் திரையும் விசைகளுமாக ஒரு டெர்மினல் வைத்து, எல்லாவற்றையும் வயர் இழுத்து சூடாமணியின் அறையோடு சேர்த்திருந்தார்கள். ஆரப்பாளையத்திலிருந்து வரும் மில் பஸ் நேரம் மாறினால் எல்லாருக்கும் சொல்ல அவள் 'பலகை' என்று ஒரு சின்ன புரோகிராம் எழுதினாள். யார் எழுதினாலும் எல்லாரும் படிக்கலாம். ஒரு வாரத்தில் பஸ்ஸை மறந்துவிட்டார்கள். கேன்டீன் வடையில் வெங்காயம் போடலாமா கூடாதா என்று லேப்புக்கும் ஸ்டோர்ஸுக்கும் ஒரு மாதம் சண்டை. யார் வீட்டுத் தென்னைக்கு என்ன உரம், யார் பையனுக்கு எந்தக் காலேஜ்... எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். எழுத வேண்டுமென்றால் சூடாமணியிடம் அக்கவுண்ட் வாங்க வேண்டும். சொந்தப் பேரில்தான் எழுத வேண்டும். எழுதியதை யாரும் அழிக்க முடியாது, அவளும் அழிக்க மாட்டாள். ஸ்டோர்ஸ் சிவனாண்டி வாராவாரம் பாஸ்வேர்டை மறந்துவிட்டு வந்து நிற்பார். பாஸ்வேர்ட் அவர் மனைவியின் பெயர்.

அவர்தான் முதலில் துக்கம் கேட்க வந்தார். "என்ன தாயி, அம்புட்டும் போச்சா? வடை விஷயத்துல நான் ஜெயிச்சது...?"

"போச்சுண்ணே."

"அந்த லேப்காரன் இனி ஒத்துக்க மாட்டானே!" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

மேனேஜர் ஹரிநாராயணனுக்கு வடை கவலை இல்லை. "காரணம் என்னன்னு எழுதிக் குடும்மா" என்றார். அவர் இவள் அப்பாவின் சிநேகிதர். அவர் சொல்லித்தான் இந்த வேலை கிடைத்தது. அவரிடம் ஒன்று சொன்னால், அவள் பஸ் பழங்காநத்தம் போய்ச் சேருமுன் சேதி போய்ச் சேர்ந்துவிடும்.

'மூடியைத் திறந்தேன்' என்று எழுதலாம். எழுதினால் 'ஏன் திறந்தாய்?' என்பார். அதற்கு அவளிடம் பதில் இருந்தது... அதுதான் சங்கடம்.

'மின்சார ஏற்ற இறக்கம் காரணமாக இருக்கலாம்' என்று எழுதிக் கொடுத்தாள். மின்சார வாரியத்தை யார் என்ன செய்துவிட முடியும் என்று நினைத்தாள். மனுஷி பொய் சொல்லத் தீர்மானித்துவிட்டால் புத்தி அதற்குத் தகுந்தாற்போல் வேலை செய்கிறது.

மெட்ராஸிலிருந்து புதுத் தட்டு வந்தது. டேப்பிலிருந்து ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். ஐப்பசி மழை வேறு பிடித்துக்கொண்டது. ஜன்னல் கண்ணாடியில் வழிகிற மழையைப் பார்த்தபடி அவள் உட்கார்ந்திருப்பாள். கரண்ட் போகும். போன் அடிக்கும்.

"மேடம், எடுத்துட்டேன்."

"ம்."

முன்பெல்லாம் அதோடு வைத்துவிடுவான். இப்போது வைப்பதில்லை.

"சாப்பிட்டீங்களா?"

"இதுவும் ஜெனரேட்டர் வேலையில சேருமா?"

"லோடு எம்புட்டுன்னு தெரிஞ்சுக்கணும்ல?"

அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். 

இன்னொரு நாள், "பலகைன்னு ஒண்ணு வச்சிருக்கீங்களாம். எனக்கும் ஒரு அக்கவுண்ட் குடுங்க" என்றான்.

"உங்க ஷெட்ல டெர்மினல் இல்லையே."

"நல்லா இருக்குங்க நியாயம்! அதுக்குக் கரண்ட் குடுக்குறவனுக்கு அதுல எழுத இடமில்ல!"

"ரூல்னா ரூல்தான்."

"சரிங்க... உங்க ரூலும் நல்லாத்தான் இருக்கு." மழைச் சத்தம் அவன் பக்கத்திலும் கேட்டது. "மழை விட்ருச்சுன்னா லைனும் வந்துரும். அப்புறம் உங்களுக்குப் போன் பண்ண எனக்குக் காரணம் இருக்காது. வைக்கிறேன் மேடம்."

அன்று சூடாமணி மழை விடக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். ஊரில் பாதி வீடு ஒழுகிக்கொண்டிருந்தது என்பது வேறு விஷயம்.

பலகையும் மறுபடி ஏறியது. பழைய அக்கவுண்ட்காரர்கள் வரிசையில் நின்று புதிதாகப் பதிந்துகொண்டார்கள். சிவனாண்டி அதே பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். முதல் நாளே கூட்டம் களைகட்டியது.

அப்போதுதான் இடி விழுந்தது.

'மின்சார ஏற்ற இறக்கம்' என்ற ரிப்போர்ட் மில் மேலதிகாரி மேசைக்குப் போனது. மில்லுக்குள் மின்சாரத்துக்குப் பொறுப்பு யார்? ஜெனரேட்டர் ஆள். வெள்ளைத்துரைக்கு மெமோ வந்தது. அவனுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. செக்கானூரணிப் பக்கம் கொஞ்சம் மானாவாரிக் காடு, அதில் அண்ணனுக்கே வேலை பத்தாது என்றுதான் டிப்ளமோ படித்து இங்கே வந்திருந்தான். தீபாவளிக்கு முன் வேலை நிரந்தரம் ஆக வேண்டும். மெமோ அப்படியே இருந்தால் ஆகாது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அவன் கம்ப்யூட்டர் அறை வாசலுக்கு வந்தான். சிவப்புக் கோட்டுக்கு வெளியே நின்றான். சட்டை தோளில் நனைந்திருந்தது.

"டிஸ்க் போன அன்னைக்கு லைன் போகவே இல்ல மேடம். என் செட்டு ஓடவும் இல்ல."

சூடாமணி எழுந்து நின்றாள்.

"உங்களுக்கும் தெரியும். தெரிஞ்சும் எழுதியிருக்கீங்க."

"நான் இ.பி.யை நினைச்சுத்தான்..."

"இ.பி.க்கு மெமோ குடுக்க முடியாதுல்ல? எனக்குத்தான் குடுத்தாங்க." அவன் குரல் உயரவில்லை. "ஆடியில இருந்து ஒரு தடவையாச்சும் கரண்ட் இல்லாம உங்க மிஷின் நின்னிருக்கா? சொல்லுங்க."

"இல்ல."

"அம்புட்டுதான் கேட்டேன். போறேன்."

போய்விட்டான். சாயங்காலம் கரண்ட் போனது. விளக்கு ஒரு தரம் சிமிட்டியது, ஜெனரேட்டர் எடுத்துக்கொண்டது. மிஷின் நிற்கவில்லை. போன் மட்டும் அடிக்கவில்லை. சூடாமணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளே கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள்.

மறுநாள் காலையில் பலகையைத் திறந்தால், அங்கே பஞ்சாயத்து கூடியிருந்தது.

'ஜெனரேட்டர் ஆளை உடனே தூக்க வேண்டும்' என்று நூல் விற்பனையிலிருந்து தவசி எழுதியிருந்தார். 'அனுபவமில்லாதவனைப் போட்டால் இப்படித்தான்' என்று அக்கவுண்ட்ஸ். 'குடித்துவிட்டுத் தூங்கியிருப்பான்' என்று லேப்பிலிருந்து அழகுமலை, அவனைப் பார்த்துக்கூட இருக்க மாட்டார். சிவனாண்டி மட்டும் 'அவன் நல்ல பையன்' என்று எழுதி, உடனே அடுத்த வரியில் வடைக்குப் போய்விட்டார்.

பச்சை எழுத்துகள் வரிவரியாக மேலே ஏறின. அத்தனையையும் ஒரு விரல் தட்டலில் அழித்துவிட அவளால் முடியும். பலகைக்கு அவள்தான் எல்லாம். யாரும் கேட்க மாட்டார்கள்... கேட்டால் இன்னொரு 'ஏற்ற இறக்கம்' என்று சொல்லிவிடலாம்.

விரல் விசை மேல் இருந்தது. 

இவர்கள் எழுதியது எதுவும் இவர்கள் பொய் இல்லை, எல்லாம் தன்னுடைய ஒற்றை வரியிலிருந்து முளைத்தது என்று அவளுக்குத் தெரிந்தது. இதை அழித்தால் ஒரு பொய்க்கு இரண்டாகும். அழிக்காமல் உண்மையை எழுதினால் ஹரிநாராயணன் படிப்பார். சாயங்காலத்துக்குள் அப்பாவுக்குத் தெரியும். பலகையையும் மேலே இருப்பவர்கள் மூடிவிடுவார்கள். ஆனால் எழுதாவிட்டால் அவன் போய்விடுவான். தீபாவளிக்கு முன்னால், தலையைக் குனிந்துகொண்டு.

சொந்தப் பேரில் உள்ளே நுழைந்தாள். எழுதினாள்.

'கரண்ட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆயுத பூஜையன்று டிஸ்க் டிரைவின் மூடியைத் திறந்தவள் நான். சாம்பிராணிப் புகை உள்ளே போனது. திறக்கக் கூடாதென்று எனக்குத் தெரியும். ரிப்போர்ட்டில் நான் எழுதியது பொய். ஜெனரேட்டர் ஆள் மேல் எந்தத் தப்பும் இல்லை. - சூடாமணி.'

அனுப்பினாள். மில் முழுக்க நாலு திரைகளில் அது வந்து நின்றது.

பிறகு விற்பனையிலிருந்து ஒரு வரி. 'மேடம், தெரிந்தும் ஏன் திறந்தீர்கள்?'

லேப்பிலிருந்து, 'அதானே. ஏன் திறந்தீர்கள்?'

அக்கவுண்ட்ஸும் கேட்டது. அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்டோர்ஸிலிருந்து ஒரு வரி வந்தது. சிவனாண்டி அக்கவுண்ட். ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தேடித் தேடித் தட்டியது போல் மெதுவாக, தப்பும் தவறுமாக வந்தது.

'ஏன் திறந்தீங்க மேடம்? - இது சிவனாண்டி இல்லை. வெள்ளைத்துரை.'

அடுத்தவர் அக்கவுண்டில் எழுதுவது ரூலை மீறின குற்றம். சூடாமணிக்கு அது அப்போது தோன்றவே இல்லை. ரிப்போர்ட்டில் எழுத முடியாத பதில், இரண்டு வாரமாக நெஞ்சில் வைத்திருந்த பதில்... இங்கே எழுதினால் அழியாது. 

எழுதினாள்.

'அவர் கேட்டார். அவர் கேட்டால் எனக்கு மறுக்க வரவில்லை.'

தட்டிவிட்டு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

முதலில் வந்தவர் ஹரிநாராயணன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கதவைச் சாத்திவிட்டு, வீட்டுச் சௌராஷ்டிரப் பேச்சில் ஏதோ ஆரம்பித்தவர், நிறுத்திவிட்டுத் தமிழுக்கு மாறினார். ஆபீஸ் விஷயம் என்று காட்ட வேண்டுமாம்.

"உங்க அப்பாகிட்ட நான் சொல்லவா?"

"நானே சொல்றேன் சார். இன்னைக்கே."

"என்னன்னு?"

"எழுதினதைத்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவன் வீடு எது, நம்ம வீடு எது... துளசிராம் குதிப்பான்."

"குதிப்பார் சார்."

"ரிப்போர்ட்டை மாத்தி எழுதிக் குடு. அவன் மெமோவை நான் வாபஸ் வாங்க வைக்கிறேன். சாமிக்குக் காட்டின புகைக்கு மெமோ குடுக்க இந்த மில்லுல யாருக்கும் தைரியம் கிடையாது. பெரிய சாரே பின்னாடி கும்பிட்டுட்டுத்தான் நின்னார். பொய் எழுதினதுக்கு உனக்கு மெமோ உண்டு. பலகையையும் மூடச் சொல்லுவாங்க."

"தெரியும் சார்."

"சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும்" என்றார். "நான் இன்னும் பூராவும் படிக்கல."

அவர் திறந்துவிட்டுப் போன கதவு அப்படியே இருந்தது. வெளியே மழை. வராந்தாவில் ஈரக் காலடிச் சத்தம் கேட்டது. வெள்ளைத்துரை சிவப்புக் கோட்டில் வந்து நின்றான். ஸ்டோர்ஸிலிருந்து மழையில் ஓடியே வந்திருக்க வேண்டும். இமையெல்லாம் தண்ணீர்.

"வரலாமா?"

"வாங்க."

வந்தான். அவள் மேசைக்கு அந்தப் பக்கம், அவன் இந்தப் பக்கம்.

"சொல்லுங்க" என்றான்.

"எழுதிட்டேனே..."

"அது மில்லுக்கு எழுதினது. என்கிட்ட வாயால சொல்லுங்க."

மில்லுக்கே எழுதியபோது வராத வெட்கம் இப்போது வந்தது. அவள் மேசையைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், வேறு வழியில்லாமல் அவனைப் பார்த்தாள்.

"உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. முகம் தெரியறதுக்கு முந்தியே... அந்தப் போனுக்காகத்தான் தினமும் காத்துக்கிட்டிருந்தேன். உங்க மேல பழி வரும்னு நான் நினைக்கவே இல்ல. மன்னிச்சிருங்க."

அவன் ஈரத் தலையைக் கோதிக்கொண்டான்.

"நானும் ஒண்ணு சொல்லணும். சொன்னா நீங்க அடிப்பீங்க."

"சொல்லுங்க."

"ஜெனரேட்டருக்கு எவனாச்சும் உள்ள திறந்து சாம்பிராணி காட்டுவானாங்க?"

சூடாமணிக்குப் புரியவில்லை.

"அப்படி ஒரு பழக்கமே கிடையாது. டீசல் நிக்கிற இடத்துல நெருப்பைக் கொண்டு போவானா எவனும்? அன்னைக்குச் சுத்திக் காட்டி முடிச்சாச்சு, திரும்ப வேண்டியதுதான். எனக்கு இன்னும் ரெண்டு நிமிஷம் உங்க பக்கத்துல நிக்கணும்னு இருந்துச்சு... வாயில வந்ததைச் சொன்னேன். நீங்க நிஜமாவே திறப்பீங்கன்னு நினைக்கல. இம்புட்டு நாசமாகும்னும் தெரியாது."

"அடப்பாவி!"

அதுதான் அவள் அவனை மரியாதை இல்லாமல் கூப்பிட்ட முதல் வார்த்தை. தட்டு போய், பலகை போய், பேர் போய், அப்பாவிடம் வாங்கப் போகிற திட்டும் பாக்கி இருக்க, எல்லாம் இவனுடைய இரண்டு நிமிஷ ஆசைக்காகவா! கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது சிரிப்பு. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

சூடாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உட்காருங்க. அக்கவுண்ட் போடுறேன். இப்ப சொன்னதை அப்படியே எழுதுங்க."

"மில்லே படிக்குமே!"

"படிக்கட்டும். நான் மட்டும்தான் எழுதணுமா?"

அவன் உட்கார்ந்தான். அவள் குனிந்து அவனுடைய பெயரைப் பதிந்து கொடுத்தாள். சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. வெள்ளைத்துரை ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்ட ஆரம்பித்தான்.